இருதயப் பழுதோடு பிறந்த மகவும் பெற்றோர் துணிபும்

நம் கல்லூரி சென்னை நகரின் சந்தடியை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபுகுந்தது 1937-ஆம் ஆண்டில். இருதயத்திற் பழுதோடு பிறந்த ஒரு குழந்தையின் அப்பழுதைச் சீர்செய்து பிழைப்பித்தவர் என்று சுட்டத்தக்க வைத்தியர் அவ்வாண்டில் உலகெங்கணும் ஒருவரும் இலர். மறு ஆண்டு, 1938 ஆகஸ்டு 26-ஆம் நாள், அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரக் குழந்தைகள் வைத்தியசாலையில் ராபர்ட் கிராஸ் என்னும் இளைஞர், பிறந்த சில நாளில் தானே மூடியிருக்க வேண்டிய ஓர் இரத்தக் குழாயை, அது மூடாதிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கட்டி மூடினார். தலைமை வைத்தியர் ஊரில் இல்லாத சமயத்தில் அவர் அதனைச் செய்தார் என்பர். இருதயத்தின் அருகே கத்தி வைத்தல் அக்காலத்தில் அத்துணை அஞ்சத்தக்கதாய் இருந்தது. ஆகவே, யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் நம் கல்லூரியின் தாம்பர வாழ்வினும் ஓராண்டு இளையது.

அதற்கு முன் பெற்றோர் துணிய வேண்டுவது யாதொன்றும் இருந்ததில்லை. பிள்ளை பால் குடியாது மெலிந்தால் சவலை என்றனர். மூச்சு வாங்கினால் மாந்தம் என்றனர். உதடு நீலம் பாரித்தால் தோஷம் என்றனர். நாட்டு வைத்தியரும் ஆங்கில வைத்தியரும் ஒருங்கே கைவிரித்தனர். துயரம் இருந்தது, ஆராய்ச்சி இல்லை. இன்றோ, துயரத்தோடு ஆராய்ச்சியும் வந்து சேர்ந்திருக்கின்றது. பெயரிடுதற்கும், ஞானஸ்நானம் கொடுத்தற்கும், காது குத்துதற்கும், முடியிறக்குதற்கும் நம்மவரிடத்து வழிவழி வந்த முறையுண்டு; யாரைக் கேட்பது, எந்நாளில் வைப்பது, மாமன் எங்கே அமர்வது என்பதெல்லாம் தெரியும். மூன்று மாதக் குழந்தையின் மார்பைத் திறக்க உடன்படுவதா என்பதற்கு நம் முன்னோர் முறை எதனையும் வகுத்துவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு குடும்பமும் இவ்வழியைத் தானே புதிதாய் வெட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கின்றது. அங்ஙனம் போகும்போது நம் பக்கத்தார் பெரும்பாலும் எங்கே இடறுகின்றனர் என்பது பற்றி எமக்குத் தோன்றியதை இங்கே உரைக்க விரும்புகின்றோம்.

முதற்கண் நோயின் தன்மையைச் சிறிது கூறுதல் வேண்டும். உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் எட்டு அல்லது ஒன்பது குழந்தைகளுக்கு இருதயத்தின் அமைப்பில் ஏதேனும் ஒரு குறை இருக்கின்றது. நம் தேசத்தில் ஆண்டுதோறும் நிகழும் பிறப்புக்களின் தொகையோடு வைத்து எண்ணினால் இஃது இரண்டு இலட்சத்துக்கு மேற்படும். இவற்றுள் மிகுதியாய்க் காணப்படுவது, இருதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் இடையேயுள்ள சுவரில் துளை இருத்தல். துளை சிறிதாயின், பெற்றோர் அறியாமலே அது மூடிக்கொள்ளுதலும் உண்டு. இவ்வேட்டைப் படிக்கும் மாணாக்கருள்ளும் அத்தகைய துளையோடு பிறந்து, அதனை அறியாமலே பந்தாடி வளர்ந்தவர் சிலர் இருத்தல் கூடும்.

துளை பெரிதாயின் கதை வேறு. பிறந்த நாளில் குழந்தையின் நுரையீரற் குழாய்கள் இறுகியிருப்பதால், துளையின் வழியே இரத்தம் மிகுதியாய்ப் பாய்வதில்லை. எனவே, பிரசவ விடுதியில் வைத்தியர் மார்பில் குழல் வைத்துக் கேட்டு, ‘நன்றாயிருக்கிறது’ என்று சொல்லி அனுப்புதல் பொய்யன்று. நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் அக்குழாய்கள் இளகுகின்றன. அப்போது, உடலுக்குச் செல்ல வேண்டிய இரத்தத்தின் ஒரு பங்கு துளை வழியே திரும்பி நுரையீரலை நிரப்புகின்றது. குழந்தை பால் குடிக்கத் தொடங்குகின்றது. நாலு வாய் குடித்ததும் இளைத்து விட்டுவிடுகின்றது. சிறிது நேரம் கழித்துப் பசியால் அழுது மீண்டும் குடிக்கின்றது. குடிக்கும்போதே நெற்றி வியர்க்கின்றது. விசிறிக் காற்றின் கீழ் வைத்திருந்தும் தலையணை நனைகின்றது. எடை ஏறுவதில்லை. அடிக்கடி சளி பிடிக்கின்றது. இது கண்ட பாட்டிமார் கண்ணேறு என்பர். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பிலிடுவர். அவரைக் குறை கூறி யாது பயன்? நெற்றி வியர்வை இருதயத்தின் குறி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இனி, நம் நாட்டு வழக்கத்தோடு இந்நோயின் கால அளவு எங்ஙனம் பின்னிக் கிடக்கின்றது என்பதை நோக்குக. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்கின்றாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துத்தான் குழந்தையோடு கணவன் வீடு திரும்புகின்றாள். குறி தோன்றும் காலமும் அதுவே. குழந்தை இருப்பது மதுராந்தகத்துப் பக்கம் தாய்வழிப் பாட்டன் வீட்டில். தகப்பன் இருப்பது பல்லாவரத்திலோ மேடவாக்கத்திலோ வேலையில். ‘நம் வீட்டில் இருக்கும்போது பிள்ளைக்கு நோய் வந்தது என்ற பேச்சு வேண்டா’ என்று அவ்வீட்டார் மறைக்கின்றனர். ‘அவர்கள் ஒழுங்காய்ப் பார்த்துக்கொள்ளவில்லை’ என்று இவ்வீட்டார் சினக்கின்றனர். இரு வீட்டுக்கும் இடையே செய்தி போய் வருதற்குள் ஆறு வாரம் கழிகின்றது. ஆறு வாரம் என்பது நமக்கு ஒரு பொருளன்று. ஆறு மாதமே வயதான குழந்தைக்கோ அஃது ஆயுளில் நாலில் ஒரு பங்கு.

யாம் கூற வந்த கருத்து இதுவே: நாள் கடத்துதலை நம்மவர் ஒரு துணிபாகக் கருதுவதில்லை. ‘இன்னும் ஒரு முடிவுக்கும் வரவில்லை’ என்கின்றனர். உண்மையில் முடிவு செய்தாயிற்று. வேண்டா என்ற முடிவே அது. வாயாற் சொல்லப்படாததொன்றே வேறுபாடு.

காத்திருத்தல் தவறு என்று யாம் கூறுகின்றிலோம். இருதய வைத்தியரே பல குழந்தைகளுக்குக் காத்திருக்கச் சொல்வர். சிறு துளை மூடுமா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்கோ எடுத்துப் பார்ப்பதும், மருந்து கொடுத்து மூச்சிளைப்பைத் தணித்துக்கொண்டே எடை ஏறுகின்றதா என்று கவனிப்பதும் சிகிச்சையின் பாற்பட்டனவே. அக்காத்திருத்தலுக்கு ஒரு நாட்கணக்கு உண்டு. எதைக் கண்டால் காத்திருத்தலை நிறுத்துவது என்ற வரையறை உண்டு. அச்சத்தால் காத்திருத்தலுக்கு இவ்விரண்டும் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பார்க்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். இதனாலன்றோ, ‘டாக்டரே பொறுக்கச் சொன்னார்’ என்று ஒரு வீட்டில் சொல்லப்பட்டது அடுத்த தெருவில் வேறொரு குழந்தைக்கு மருந்தாய்ப் போய்விடுகின்றது!

பெருந்துளையைப் பல மாதங்களும் ஆண்டுகளும் மூடாது விட்டால் நேர்வதென்ன? மிகுந்த வேகத்தோடு பாயும் இரத்தத்தைத் தாங்கித் தாங்கி நுரையீரற் குழாய்களின் சுவர் தடித்துச் சுருங்குகின்றது. ஒரு நிலை கடந்தபின் அவை மீண்டும் இளகுவதில்லை. அப்போது இரத்தம் எதிர்த்திசையில் திரும்புகின்றது. குழந்தை நீலம் பாரிக்கின்றது. அதன் பின் துளையை மூடினால் உயிருக்கே கேடு. 1897-ல் ஆஸ்திரிய நாட்டு வைத்தியர் ஐசன்மெங்கர் இந்நிலையை விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. இதிற் கொடுமை யாதெனில், இந்நிலையை நோக்கிச் செல்லும் வழியிலே குழந்தை சில காலம் தேறினாற்போலத் தோன்றும். குழாய்கள் இறுக இறுக நுரையீரலுக்குப் பாயும் வெள்ளம் குறைகின்றது, மூச்சிளைப்பு தணிகின்றது, வியர்வை நிற்கின்றது, சதையும் சிறிது பிடிக்கின்றது. ‘பார்த்தீர்களா, கத்தி வைக்காமலே சுகமாகிவிட்டது’ என்று சுற்றத்தார் மகிழ்கின்றனர். கதவு அடைபடும் ஓசையை அவர் மங்கள ஓசையாகக் கேட்கின்றனர்.

‘பிள்ளை சற்றுத் தேறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் சொல் அன்பினாற் பிறப்பது. மூன்றரைக் கிலோ எடையுள்ள சிறு உடலைச் சஸ்திர சிகிச்சைக்குக் கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் அக்குழந்தை தேறாமைக்குக் காரணமே அத்துளை. தான் குடிக்கும் பாலின் சத்தையெல்லாம் மூச்சு விடுவதிலேயே அது செலவழித்துவிடுகின்றது. தேறிய பின் துளையை அடைப்போம் என்பது, பானையில் நீர் நிறைந்த பின் ஓட்டையை அடைப்போம் என்பது போலாம். பெருந்துளையை முதலாண்டு நிறையும் முன்னரே, பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே, வைத்தியர் அடைக்க விரும்புவது இக்காரணம் பற்றியே. நுரையீரலுக்கும் உடலுக்கும் செல்லும் பெருங்குழாய்கள் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்கோ மாதக் கணக்கும் இல்லை. சில வாரங்களே உண்டு.

இத்தகைய துணிபின் கனத்தை அறிய, 1954-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள் அமெரிக்க நாட்டு மின்னசோட்டா சர்வகலாசாலை வைத்தியசாலையில் நிகழ்ந்ததொன்றை நினைத்தல் தகும். இருதயத்தைத் திறந்து தைக்கும்போது உடலுக்கு இரத்தம் செலுத்த, நம்பத்தக்க இயந்திரம் அன்று இல்லை. வால்டன் லில்லஹை என்னும் சஸ்திர வைத்தியர், ஒரு வயதுக் குழந்தை ஒன்றின் தந்தையையே இயந்திரமாக்கினார். தந்தையும் பிள்ளையும் அடுத்தடுத்துக் கிடத்தப்பட்டனர். தந்தையின் தொடைக் குழாயிலிருந்து தூய இரத்தம் ஒரு சிறு பம்பின் வழியே பிள்ளைக்குச் சென்றது. பிள்ளையின் இரத்தம் தந்தையின் உடலுக்குத் திரும்பி அவர் மூச்சினால் தூய்மை பெற்றது. சிகிச்சை ஒன்றாயினும் உயிர்கள் இரண்டும் போகக்கூடும். நூற்றுக்கு இருநூறு மரணம் விளைவிக்கவல்ல முதற் சிகிச்சை இதுவே என்று எதிர்த்தோர் இடித்துரைத்தனர். துளை மூடப்பட்டது. எனினும் பதினோராம் நாளில் அக்குழந்தை சளிச்சுரத்தால் இறந்தது. ஆயினும் வேறு பெற்றோர் முன்வந்தனர். அடுத்த ஆண்டுக்குள் இம்முறையில் 45 நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்தது; அவருள் 28 பேர் பிழைத்து வீடு சென்றனர்.

அத்தாய் தந்தையர் முன்னரே ஒரு மகளை இதே பழுதுக்குப் பறிகொடுத்தவர். காத்திருத்தலின் முடிவு யாது என்பதை ஒரு முறை கண்ணாற் கண்டிருந்தனர். அவர் துணிபு குருட்டுத் துணிபன்று. இரு வழியையும் எதிரெதிர் வைத்து நோக்கிய துணிபு. அன்று பல உயிர் போன அதே துளைக்கு, இன்று தேர்ந்த வைத்தியசாலைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரளவில்தான் இழப்பு நேர்கின்றது. ஆனால் நம் வீட்டுத் திண்ணைகளில் நடக்கும் ஆலோசனையில் 1954-ஆம் ஆண்டின் அச்சமே இன்னும் அமர்ந்திருக்கின்றது.

இடம் தொலைவு என்று சொல்லவும் வழியில்லை. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அமெரிக்கரான டாக்டர் ரீவ் பெட்ஸ் 1949-ல் நெஞ்சுச் சஸ்திர சிகிச்சைக்கெனத் தனித் துறை தொடங்கினார். இந்தியாவில் இத்துறையின் வேர் அங்கேயே ஊன்றியது. பெரம்பூர் ரயில்வே வைத்தியசாலையில் பணிபுரிந்து பேர்பெற்ற டாக்டர் கே. எம். செரியன் 1987-ல் முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் இருதய நிலையத்தைத் தோற்றுவித்தார். கைக்குழந்தைகளின் இருதயத்துக்கு அவர் ஆற்றிய தொண்டு பெரிது. அவர் 2025 ஜனவரியில் மறைந்தார். எழும்பூரில் அரசினர் குழந்தைகள் நல வைத்தியசாலை இருக்கின்றது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் ஒரே வண்டியில் அங்கே போய் இறங்கலாம். நம் ஊருக்கே நெஞ்சு நோய் வைத்தியத்தில் ஒரு பழம்பெயர் உண்டு. டாக்டர் சௌரி முத்து 1928-ல் அமைத்த சானடோரியத்தின் பெயரை ரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கின்றது. காசநோய்க்கு மருந்து கிடைத்த பின்னரும் நெடுங்காலம், ‘சானடோரியத்துக்குப் போனான்’ என்பது ‘திரும்ப மாட்டான்’ என்ற பொருளிலேயே இப்பக்கத்தில் வழங்கிற்று என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். மருந்து முன்னே போயிற்று. பேச்சு பின்னே நொண்டி வந்தது.

பணம் என்ற தடை முன்போல் இல்லை. சிறார் இருதய சஸ்திர சிகிச்சைக்கென்றே தமிழக அரசு 2008-ல் ஒரு திட்டம் வகுத்தது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைபெறுகின்றது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்தார், அதில் சேர்ந்த தனியார் வைத்தியசாலைகளிலும் செலவின்றிச் சிகிச்சை பெறலாம். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி, வைத்தியக் குழுவினர் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைச் சோதித்து, இருதயப் பழுது ஐயமுற்றாரை மேல் வைத்தியத்துக்கு அனுப்புகின்றனர். எனினும், காப்பீட்டுச் சீட்டு தகப்பனின் தினக்கூலியை ஈடு செய்வதில்லை. தாய் ஒரு மாதம் வைத்தியசாலையில் இருந்தால் மூத்த பிள்ளைக்குச் சோறு வடிப்பார் யார் என்ற வினாவுக்கு எந்தத் திட்டத்திலும் விடையில்லை. அங்கேதான் சுற்றத்தாரும் சபையாரும் அண்டை வீட்டாரும் வேண்டும். அவரோ, சோறு வடித்துக் கொடுத்தலை விட்டுக் கருத்துக் கூறுதலையே மிகுதியும் மேற்கொள்கின்றனர்.

இன்னொன்றை மனங்கூசியே எழுதுகின்றோம். டில்லி அகில இந்திய மருத்துவ நிலையத்தார் 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், சிகிச்சை வேண்டும் என்று சொல்லி அனுப்பப்பட்ட ஆண் குழந்தைகளைக் காட்டிலும் பெண் குழந்தைகள் மிகக் குறைவாகவே மீண்டும் சிகிச்சைக்குக் கொணரப்பட்டமை தெரிய வந்தது. டில்லிக் கதை என்று தள்ளிவிட வேண்டா. ‘மார்பிலே தழும்பு விழுமே, நாளைக்கு ஒருவன் வந்து கட்ட வேண்டுமே’ என்ற பேச்சைத் தமிழ் வீடுகளிலும் கேட்கலாம். நாலு மாதப் பெண்மகவின் திருமணத்தை எண்ணி அவள் ஐந்தாம் மாதத்தை இழப்பது என்ன கணக்கோ!

வேண்டுதலை யாம் இகழேம். மிஷன் கல்லூரியின் ஏட்டில் எழுதும் யாம் அங்ஙனம் இகழ்வது எப்படி? வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வோரும், திருப்பதிக்கு முடி காணிக்கை வைப்போரும், ஜெபக்கூட்டத்தில் முழங்காற்படியிடுவோரும் தம் உள்ளத்து நடுக்கத்தை இறைவன் திருமுன் வைக்கின்றனர், அது நன்றே. அந்நாளை வைத்தியர் குறித்த நாளுக்கு முன் வைத்துக்கொள்ளலாம், பின் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மாற்றாக வைத்துக்கொள்ளல் ஆகாது.

இதுகாறும் கூறியன, ஒரே சிகிச்சையாற் செம்மையாய்ச் சீர்ப்படும் பழுதுகளுக்கே பொருந்தும். எல்லாப் பழுதும் அத்தகையவல்ல. இருதயத்தின் இடப்பாதியே வளராது பிறக்கும் குழந்தைகள் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் வில்லியம் நார்வுட் என்பார் அவர்க்கும் ஒரு வழி கண்டார். பிறந்த சில நாட்களில் ஒன்று, நாலைந்து மாதத்தில் ஒன்று, இரண்டு முதல் நான்கு வயதுக்குள் ஒன்று என மூன்று பெருஞ்சிகிச்சைகள். ஒவ்வொன்றிலும் உயிர் போதல் கூடும். முடிவில் கிடைப்பதும் முழு இருதயமன்று, அரை இருதயத்தோடு ஒருவாறு நடத்தும் வாழ்வு. இங்கே ஒரு தாயும் தந்தையும் நன்கு கேட்டறிந்து, ‘எம் பிள்ளையை ஊசியும் குழாயும் இன்றி எம் மடியிலேயே வைத்துக்கொள்கின்றோம்’ என்று சொல்வாராயின், அவரைக் கொலைஞர் என்பார் நா கூச வேண்டும். உடன்பட்டு மூன்று சிகிச்சைக்கும் கொடுப்பாரைப் பேராசைக்காரர் என்பாரும் அத்தகையரே. பெருந்துளையுள்ள குழந்தையை வீட்டில் வைத்திருத்தலும் இதுவும் ஒன்றல்ல. நம் சுற்றத்தாரோ, முன்னதற்குப் ‘பொறுமை’ என்று பெயரிட்டுப் பின்னதற்குப் ‘பாவம்’ என்று பெயரிடுகின்றனர். கடிந்துரைக்க வேண்டிய இடத்தில் தட்டிக்கொடுத்து, தட்டிக்கொடுக்க வேண்டிய இடத்தில் கடிகின்றனர்.

தாயைக் குறை கூறும் வழக்கமும் ஒழிதல் வேண்டும். கிரகணத்தில் வெளியே வந்தாள், ஆகாததைத் தின்றாள் என்பன வெறும் சொற்கள். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ரூபெல்லா என்னும் அம்மை கண்டாலும், தாய்க்குச் சர்க்கரை நோய் கட்டுக்கடங்காதிருந்தாலும், நெருங்கிய உறவில் மணந்தாலும் இப்பழுது சிறிது மிகுதியாய் நேரும் என்பது மெய். ஆயினும் பெரும்பான்மையான குழந்தைகளுக்குக் காரணம் இன்னதென்று எவரும் சுட்ட இயலாது. உறவு மணத்தை முன்னின்று முடித்துவைத்த பெரியவர்களே பின்னர் அப்பெண்ணை நோக்கி ‘உன் வயிற்றுக் கோளாறு’ என்பது நகைப்புக்குரியது, நகைக்கத்தான் முடியவில்லை.

வைத்தியர்களிடமும் எமக்கு ஒரு முறையீடு உண்டு. கையொப்பத்தாளை ஆங்கிலத்தில் நீட்டி, ‘இங்கே போடுங்கள்’ என்றால் அஃது உடன்பாடாகாது. நூற்றுக்கு இத்தனை பேர் பிழைப்பர் என்னும்போது, அக்கணக்கு எந்த வைத்தியசாலையின் கணக்கு என்பதையும் கூறுதல் வேண்டும். இங்கிலாந்து தேசத்துப் பிரிஸ்டல் நகரில், அக்குறை நெடுநாள் நீடித்தது. தேசத்தின் பிறவிடங்களைக் காட்டிலும் அவ்வைத்தியசாலையில் குழந்தைகள் மிகுதியாய் இறந்தன. பெற்றோர்க்கு அது சொல்லப்படவில்லை. ஸ்டீபன் போல்சின் என்னும் மயக்க மருந்து வைத்தியர் எண்ணிப் பார்த்துக் குரல் எழுப்பினார். 2001-ல் வெளிவந்த விசாரணை அறிக்கை, 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 30 முதல் 35 வரை எதிர்பார்க்கத்தக்கதற்கு மேலாக இறந்தன என்று கணித்தது. அதன் பின்னரே அந்நாட்டில் ஒவ்வொரு நிலையத்தின் கணக்கும் யாவரும் காண வெளியிடப்படலாயிற்று. நம் நாட்டிலும் பெற்றோர் இதனைக் கேட்டல் வேண்டும். கேட்டால் சினவாத வைத்தியரிடத்தே பிள்ளையை ஒப்புவித்தல் வேண்டும். ‘பணம் பறிக்கச் சொல்கிறார்’ என்ற ஐயம் எழுமாயின், எக்கோப் படத்தையும் குறிப்பையும் எடுத்துக்கொண்டு மற்றொரு வைத்தியரிடம், அரசினர் வைத்தியசாலையிலாயினும், காட்டலாம். அதற்கு ஒரு வாரம் போதும். ஐயத்தைத் தலையணையின் கீழ் வைத்துக்கொண்டு ஆறு மாதம் உறங்குதல் ஆகாது.

இவற்றை மாணாக்கர்க்கு ஏன் எழுதுகின்றோம் எனின், ஆங்கிலத்தில் அச்சிட்ட எக்கோக் குறிப்பு ஒரு வீட்டுக்கு வந்தால், அதனைப் படிக்குமாறு நீட்டப்படுவது கல்லூரிக்குச் செல்லும் தம்பியிடம்; அல்லது சித்தியிடம். செங்கல்பட்டிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் நாள்தோறும் வண்டியேறி வரும் நம் மாணாக்கர் பலர், தம் குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி கண்டவர். அத்தாளில் உள்ள ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லும் அவர் குரலின் நடுக்கமே அவ்வீட்டின் துணிபைத் திருப்பவல்லது. தெரியாததைத் தெரிந்ததுபோற் சொல்லாதிருத்தல் அவர் முதற் கடன். கைபேசியில் தேடிக் கண்ட முதற் செய்தியைப் பெரியவர்கள் முன் ஓதாதிருத்தல் அடுத்தது. வைத்தியரிடம் உடன் சென்று சில வினாக்களைத் தமிழிற் கேட்டுத் தமிழில் எழுதிக்கொண்டு வருதலே அவர் செய்யத்தக்க பேருதவி. இப்பழுது தானே மூடுமா. மூடாதாயின் எந்த மாதத்துக்குள் சிகிச்சை வேண்டும். அதற்குப் பின் சென்றால் என்ன கேடு. ஒரு சிகிச்சையா, பலவா. இந்த வைத்தியசாலையில் கடந்த ஆண்டு இதே சிகிச்சை எத்தனை குழந்தைகளுக்கு நடந்தது, எத்தனை பிழைத்தன. செய்யாதிருந்தால் எங்ஙனம் நோவின்றி வைத்துக்கொள்வது. இரு வீட்டாரும் அத்தாளைச் சுற்றி அமர்ந்தபின் வாதிக்கட்டும்.

இப்போது பல குழந்தைகளின் பழுது, தாய் கர்ப்பந்தாங்கிய பதினெட்டு இருபது வாரத்து ஸ்கேனிலேயே தெரிந்துவிடுகின்றது. அதனாலெழும் வேறு கடினமான கேள்விகள் தனியே ஒரு கட்டுரைக்கு உரியன, ஈண்டு விரியேம். முன்னறிந்ததனால் வரும் நன்மை ஒன்றைமட்டும் சொல்லலாம்: இருதய நிலையத்தின் அருகிலேயே பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். அப்போது பிறந்த சில மணி நேரத்தில் வேண்டும் மருந்து, நெடுஞ்சாலையில் வாகன நெரிசலிற் சிக்காமல் வந்து சேரும்.

ஸ்கேனில் தெரியாதவற்றுட் சிலவற்றைப் பிடித்தற்கு மிக எளியதொரு சோதனை உண்டு. கொரோனாக் காலத்தில் நம் வீடுதோறும் விரலில் மாட்டிப் பார்த்த அக்கருவியின் இனத்தைச் சேர்ந்ததே, குழந்தைக்கேற்ற பட்டையோடு அமைந்தது. பிறந்து ஒரு நாள் கழிந்தபின் குழந்தையின் வலக்கையிலும் ஒரு காலிலும் வைத்துப் பார்ப்பர். இரண்டிலும் 95-க்குக் குறையாதிருந்து, கைக்கும் காலுக்கும் மூன்றுக்கு மேல் வேற்றுமை இல்லாதிருத்தல் வேண்டும். சில நிமிடப் பணி. ஊசி இல்லை, வலி இல்லை. நீலம் பாரிக்கும் வகைப் பழுதுகள் பல, கண்ணுக்குத் தெரியுமுன் இதில் அகப்படுகின்றன. துளையை இது காட்டாது. அதற்குப் பால் குடிக்கும்போது நெற்றியைத்தான் பார்க்க வேண்டும். குரோம்பேட்டையிலோ, சேலையூரிலோ, வண்டலூரிலோ, எந்தப் பிரசவ விடுதியிலாயினும், பிள்ளையைத் துணியிற் சுற்றி வண்டியில் ஏற்றுமுன், ‘கையில் பார்த்தீர்களே, காலிலும் பார்த்தீர்களா?’ என்று தாதியரைக் கேட்டுவிட்டு, இரண்டு எண்களையும் வெளியேற்றச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுக.